ஜிஆர்இ தேர்வுக்கு ஓராண்டு முன்பே தயாராவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். ஒருவர் ஒரு மாதம் போதும் என்பார். இன்னொருவர் ஆறு மாதம் படித்தும் வெர்பலில், அதாவது ஆங்கில மொழித்திறன் பகுதியில், நினைத்த மதிப்பெண் வரவில்லை என்று வருந்துவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். இந்தத் தேர்வு சோதிக்கும் திறமைகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மறந்துபோன பள்ளிக் கணக்கு சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். கடினமான ஆங்கிலப் பத்தியை ஒரே வாசிப்பில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். சொல்வளமும் அப்படித்தான். நேரத்தைப் பங்கிட்டு எழுதும் வேகமோ இரண்டு மாதத்தில் வந்துவிடும், விட்டால் அதே வேகத்தில் போயும் விடும்.

ஆகவே முன்கூட்டியே தொடங்குவது என்றால் முதல் நாளிலிருந்தே மணிக்கணக்கில் உட்கார வேண்டும் என்பதில்லை. மெதுவாக வளர்வதை முதலில் தொடங்கி, சீக்கிரம் வருவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் போதும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

இந்தத் தேர்வு உங்களுக்குத் தேவையா?

புத்தகம் வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். 2020-க்குப் பிறகு நிறைய பல்கலைக்கழகத் துறைகள் ஜிஆர்இ மதிப்பெண் கேட்பதை நிறுத்திவிட்டன, அல்லது விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்று மாற்றிவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. அதனால் பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் சேர விரும்பும் துறையின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். கட்டாயமா, விருப்பமா, அனுப்பினாலும் பார்க்கமாட்டார்களா என்று மூன்று வகையாகப் பிரியும்.

எட்டு, பத்து படிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரு அட்டவணை போடுங்கள். படிப்பின் பெயர், ஜிஆர்இ நிலை, விண்ணப்பக் கடைசித் தேதி, முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களின் மதிப்பெண் வெளியிடப்பட்டிருந்தால் அது. இந்த நான்கு கட்டம் போதும். 'விருப்பம்' என்று போட்டிருக்கும் இடங்கள்தான் குழப்பும். என் கருத்து இது: உங்கள் இளநிலை மதிப்பெண் சுமாராக இருந்தாலோ, உங்கள் கல்லூரியைப் பற்றிச் சேர்க்கைக் குழுவுக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றாலோ, நல்ல ஜிஆர்இ மதிப்பெண் உங்களுக்குத் துணை நிற்கும். ஆராய்ச்சி அனுபவமும் வலுவான பரிந்துரைக் கடிதங்களும் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடலாம். அட்டவணையில் ஒன்றுகூட கட்டாயம் இல்லை என்று தெரிந்தால், இந்த ஓராண்டை ஆராய்ச்சிக்கும், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கைக்கும் கொடுங்கள். அதை முன்பே தெரிந்துகொள்வதும் பெரிய லாபம்தான்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் படிப்புகளுக்குப் பெரும்பாலும் முந்தைய டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். அதிகாரப்பூர்வ மதிப்பெண் வர தேர்வு முடிந்து 8 முதல் 10 நாள் ஆகும். ஒருமுறை எழுதிவிட்டு மறுபடி எழுத குறைந்தது 21 நாள் இடைவெளி வேண்டும். எந்தத் தொடர்ச்சியான 12 மாதத்திலும் 5 முறைக்கு மேல் எழுத முடியாது. அக்டோபர், நவம்பரில் நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும் உங்கள் நேரத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முதல் முயற்சியை ஆகஸ்ட் மாதத்துக்குள் முடிப்பது நல்லது. தேவைப்பட்டால் செப்டம்பரில் இன்னொரு முறை எழுத இடம் இருக்கும். அப்படியானால் தயாரிப்பைத் தொடங்க வேண்டியது அதற்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில்.

மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். இளநிலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஓரிரு ஆண்டு வேலைக்குப் போவதாக இருந்தாலும், படிக்கும் பழக்கம் கையில் இருக்கும்போதே எழுதிவைத்துவிடலாம்.

தேர்வு எப்படி இருக்கும்?

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது மொத்தம் 1 மணி 58 நிமிடம், நடுவில் இடைவேளை கிடையாது. முதலில் ஒரு கட்டுரை, 30 நிமிடம். வெர்பல் இரண்டு பகுதி: 18 நிமிடத்தில் 12 கேள்வி, 23 நிமிடத்தில் 15 கேள்வி. குவான்ட், அதாவது கணக்கு, இரண்டு பகுதி: 21 நிமிடத்தில் 12 கேள்வி, 26 நிமிடத்தில் 15 கேள்வி. வெர்பலும் குவான்டும் தனித்தனியே 130 முதல் 170 வரை, கட்டுரை 0 முதல் 6 வரை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள்.

முதல் பகுதியில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதி எவ்வளவு கடினமாக வரும் என்பது முடிவாகும். ஒரு பகுதிக்குள் கேள்விகளைத் தாண்டிப் போகலாம், குறித்து வைத்துத் திரும்பி வரலாம்.

சீனியர்களிடமிருந்து பழைய புத்தகம் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்குகளும் பத்திகளும் இன்றும் பயன்படும். ஆனால் அதில் உள்ள தேர்வு அமைப்பும் நேரமும் மாறிவிட்டன. முன்பு இருந்த இரண்டாவது கட்டுரை, அதாவது ஒரு வாதத்தின் ஓட்டைகளை அலசுவது, இப்போது இல்லை.

முதல் மாதம்: எதையும் படிக்காமல் ஒரு மாதிரித் தேர்வு

தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. இரண்டையும் கடைசிவரை பத்திரப்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒன்றை இப்போதே எழுதச் சொல்வேன். நிற்கும் இடம் தெரியாமல் ஓராண்டுத் திட்டம் போட்டால் ஏற்கெனவே தெரிந்ததையே படித்துக்கொண்டிருப்போம். இன்னொன்றைக் கடைசி மாதத்துக்கு வையுங்கள், திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

எழுதி முடித்ததும் மதிப்பெண்ணைவிடத் தவறுகளைப் பாருங்கள். பத்தி புரியாமல் போனதா, சொல்லுக்குப் பொருள் தெரியவில்லையா, சூத்திரம் மறந்ததா, நேரம் போதவில்லையா? இந்த நான்கில் எது அதிகம் என்பதுதான் உங்கள் ஆண்டின் திட்டம்.

வாசிப்பு: இன்றே தொடங்க வேண்டியது

வெர்பலில் ஏறத்தாழ பாதி வாசிப்புக் கேள்விகள். பத்திகள் அறிவியல், வரலாறு, கலை, சமூகவியல் என்று எங்கிருந்தும் வரும். உங்களுக்குத் துளியும் ஆர்வம் இல்லாத விஷயமாக இருக்கும், அதற்காக மனம் தளர வேண்டாம். துறை அறிவு எதையும் கேட்கமாட்டார்கள். பத்தி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கேட்பார்கள்.

தினமும் அரை மணி நேரம் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையைப் படியுங்கள். அறிவியல் இதழ்களின் பொதுவாசகர் கட்டுரைகள், நூல் மதிப்புரைகள், வரலாற்றுக் கட்டுரைகள் எதுவானாலும் சரி. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, எழுதியவர் இங்கே என்ன செய்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்பது வேறு கேள்வி.

உதாரணமாக, தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி என்று வையுங்கள். முதல் இரண்டு வரி, தேனீக்கள் நடனத்தின் மூலமே உணவு இருக்கும் திசையைச் சொல்கின்றன என்ற பழைய கருத்து. அடுத்த வரி 'ஹவெவர்' (ஆனாலும்) என்று தொடங்கி, வாசனையும் உதவுவதாகச் சில சோதனைகள் காட்டுவதைத் தருகிறது. கடைசி வரியில் ஆசிரியர், அந்தச் சோதனைகள் நடனத்தின் பங்கை மறுக்கவில்லை, அளவைத்தான் குறைக்கின்றன என்கிறார். இதைப் படித்தவர் "தேனீயும் வாசனையும் பற்றிய பத்தி" என்று சொன்னால் போதாது. "பழைய கருத்தைச் சொல்லி, அதற்கு வந்த மறுப்பைச் சொல்லி, மறுப்பைப் பாதி ஏற்கிறார்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாக்கியத்தின் வேலை என்ன, ஆசிரியர் எதை ஒப்புக்கொள்வார் என்றெல்லாம் கேட்கும்போது இந்த ஒரு வரி விடையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தச் சுருக்கத்தைத் தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் பத்தியில் இருந்த சொற்களையே திருப்பிப் போட்டுவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்ள இடம் உண்டு. தமிழில் சொல்ல அது உண்மையாகவே புரிந்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் வெர்பலை நினைத்துத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயிற்சியில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் போகும், போகட்டும். வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கூடவே, நாளுக்கு ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்து எழுவாய் எது, பயனிலை எது என்று பிரித்துப் பாருங்கள். இரட்டை எதிர்மறை வரும் வாக்கியங்களுக்கு இது மிகவும் உதவும்.

சொற்கள்: வாரத்துக்கு 25 போதும்

ஆயிரம் சொல் பட்டியலைக் கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேர்வறையில் பாதி நினைவுக்கு வராது. படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வழி. வாரத்துக்கு 25 சொல் என்றால் பத்து மாதத்தில் ஆயிரம் சேர்ந்துவிடும். ஆன்கி போன்ற இலவசச் செயலிகள், எந்தச் சொல்லை எப்போது மறுபடி காட்ட வேண்டும் என்ற கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை நாளுக்குப் பதினைந்து நிமிடம் அட்டைகளைப் புரட்டுவது மட்டும்.

அட்டையில் சொல்லும் பொருளும் மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் வந்த ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள், முடிந்தால் நீங்கள் அன்று படித்த கட்டுரையிலிருந்தே. அரிய சொற்களை மட்டும் துரத்த வேண்டாம். நன்றாகத் தெரியும் என்று நாம் நினைக்கும் சொற்களின் இரண்டாம் பொருளில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 'குவாலிஃபை' என்றால் ஒரு கருத்துக்கு வரம்பு போடுவது என்றும் பொருள் உண்டு. 'ஃபிளாக்' என்றால் சோர்ந்து தளர்வது. 'சாங்ஷன்' அனுமதியையும் குறிக்கும், தண்டனையையும் குறிக்கும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் விடைகளைப் பார்ப்பதற்கு முன் அந்த இடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்று நீங்களே ஒரு சொல் போட்டுக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகையில், ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைக் கண்டதும் டிக் செய்யத் தோன்றும். அவை வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடியாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்று சரி என்பதற்குப் பாதி கிடையாது.

கணக்கு: ஐந்து மாதம் இருக்கும்போது

எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், புள்ளிவிவரங்களைப் படித்தறிதல். இவ்வளவுதான் பாடம். முக்கோணவியலோ நுண்கணிதமோ வராது. இதைக் கேட்டதும் பொறியியல் மாணவர்கள் நிம்மதியாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள். பாடம் எளிதுதான், ஆனால் கேள்வியை வேண்டுமென்றே வழுக்கலாக அமைத்திருப்பார்கள்.

ஒன்றைப் பார்ப்போம். 'எக்ஸ்' பூஜ்யத்தைவிடப் பெரியது. முதல் கட்டத்தில் எக்ஸ், இரண்டாம் கட்டத்தில் எக்ஸின் வர்க்கம். எது பெரியது? 2 போட்டால் 4, 3 போட்டால் 9. இரண்டாவதுதான் பெரியது என்று கை போய்விடும். 1 போட்டுப் பாருங்கள், இரண்டும் சமம். அரை போட்டால் வர்க்கம் கால், அதாவது முதலாவது பெரியது. ஆக, கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது என்பதே விடை. இப்படிப்பட்ட ஒப்பீட்டுக் கேள்விகளுக்குப் பூஜ்யம், ஒன்று, பின்னம், எதிர்ம எண், பெரிய எண் என்று ஐந்தையும் நிபந்தனை அனுமதிக்கும் வரை போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சதவீதத்திலும் இதே கதைதான். 40 என்பது 50 ஆனால் 25 சதவீத உயர்வு, 50 என்பது 40 ஆனால் 20 சதவீதக் குறைவுதான். வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று நம்பிவிடக் கூடாது.

திரையில் ஒரு கால்குலேட்டர் இருக்கும். வீட்டில் பயிற்சி செய்யும்போது கைப்பேசிக் கால்குலேட்டருக்குப் பழகாமல், முடிந்தவரை மனக்கணக்காகவே போடுங்கள். திரையில் ஒவ்வொரு எண்ணாக அழுத்துவதில் நேரம் போய்விடும்.

தவறுக் குறிப்பேடு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதக் கூடாது. அது எதையும் சொல்வதில்லை. "பின்னம் போட்டுப் பார்க்கவில்லை", "எக்ஸ் கேட்டார்கள், இரண்டு எக்ஸுக்கு விடை போட்டேன்", "எக்ஸெப்ட் என்ற சொல்லை விட்டுவிட்டேன்", "ஆசிரியர் கருத்தையும் அவர் மறுக்கும் கருத்தையும் மாற்றிக்கொண்டேன்" என்று எழுதுங்கள். இரண்டு மாதம் போனதும் புரட்டினால் ஒரே நான்கைந்து வரிகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். புதிதாக நூறு கணக்குப் போடுவதைவிட அந்த நான்கைந்தைச் சரிசெய்வதில் மதிப்பெண் அதிகம் ஏறும். ஊகித்துச் சரியாகிப்போன கேள்விகளையும் இதில் சேர்த்துவிடுங்கள்.

கட்டுரை: மூன்று மாதம் இருக்கும்போது

கேட்கப்படக்கூடிய தலைப்புகளின் முழுத் தொகுப்பையும் ஈடிஎஸ் தன் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கட்டுரை எழுத வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு தலைப்பு எடுத்து ஐந்து நிமிடத்தில் குறிப்பு மட்டும் போடுங்கள். என் நிலைப்பாடு என்ன, இரண்டு காரணம் என்ன, எதிர்த் தரப்பில் எது நியாயம், அதை எப்படி ஏற்றுக்கொண்டு மேலே போவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றை 30 நிமிடத்தில் தட்டச்சு செய்து முடியுங்கள். தேர்வில் எழுத்துப்பிழை காட்டும் வசதி இருக்காது, அதனால் அதை அணைத்துவிட்டுப் பழகுங்கள். தலைப்பின் கீழே உள்ள அறிவுறுத்தல் தலைப்புக்குத் தலைப்பு மாறும், அதைப் படிக்காமல் தொடங்க வேண்டாம்.

நடுவில் செமஸ்டரும் வேலையும் வரும்

வரட்டும். அந்த வாரங்களில் கணக்கையும் கட்டுரையையும் நிறுத்திவிடலாம். சொல் அட்டைகள் பதினைந்து நிமிடம், வாசிப்பு பதினைந்து நிமிடம் இந்த இரண்டை மட்டும் விடாதீர்கள். முன்கூட்டியே தொடங்கியவருக்குத்தான் இப்படி மூச்சு விட இடம் கிடைக்கும்.

கடைசி இரண்டு மாதம்

இப்போதுதான் கடிகாரம் தேவை. வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு, உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், இடைவேளை இல்லாமல். எழுதிய மறுநாள் முழுவதும் அதை அலசுவதற்கு. ஒரு கேள்விக்கு வெர்பலில் ஒன்றரை நிமிடம், குவான்டில் ஒன்றே முக்கால் நிமிடம் என்று வரும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் சமமாகக் கொடுக்காதீர்கள். முதல் சுற்றில் பார்த்ததும் தெரிபவற்றை முடியுங்கள். இரண்டு நிமிடம் தாண்டினால் ஏதாவது ஒரு விடையைப் போட்டுக் குறித்துவைத்து நகருங்கள். இரண்டாம் சுற்றில் குறித்தவற்றுக்குத் திரும்புங்கள். எதையும் காலியாக விட வேண்டாம்.

பத்து நாள் இருக்கும்போது பத்திரப்படுத்திய பவர்பிரெப் தேர்வை எழுதுங்கள். ஆரம்பத்தில் எழுதியதையே மறுபடி எழுதினால் அதே கேள்விகள் வரும், மதிப்பெண் கூடுதலாகக் காட்டும். கடைசி இரண்டு நாளில் குறிப்பேட்டைப் புரட்டினால் போதும்.

பதிவும் தேர்வு நாளும்

பதிவு செய்யும்போது கடவுச்சீட்டில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே போடுங்கள். பெயர் பொருந்தவில்லை என்றால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். வசதியான நாள் கிடைக்க இரண்டு, மூன்று மாதம் முன்பே பதிவது நல்லது. வீட்டிலிருந்தும் எழுதலாம், ஆனால் அங்கே சாதாரணத் தாளில் குறிப்பு எடுக்க முடியாது. அழிக்கக்கூடிய சிறிய வெள்ளைப் பலகையோ, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த தாளோதான். அதில் கணக்குப் போடுவது கைக்குப் புதிது, முன்பே பழகிக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு அவ்வப்போது துண்டிக்கப்படும் வீடு என்றால் மையத்துக்கே போய்விடுங்கள்.

தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை ஏற்பதா, ரத்து செய்வதா என்று திரையில் கேட்கும். மதிப்பெண் தெரிவதற்கு முன்பே கேட்கும். பதற்றத்தில் ரத்து செய்துவிடாதீர்கள். ஏற்றால்தான் வெர்பல், குவான்ட் மதிப்பெண் அங்கேயே தெரியும். எதை அனுப்புவது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள், மோசமான ஒரு முயற்சியைப் பல்கலைக்கழகங்களுக்குக் காட்டாமலே விடலாம். அன்றே நான்கு இடங்களுக்குக் கட்டணமில்லாமல் அனுப்பலாம், அதனால் அந்த நான்கு பெயரை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள்.

மறுபடி எழுதுவதா என்ற கேள்விக்கு உங்கள் மாதிரித் தேர்வு மதிப்பெண்களே பதில் சொல்லும். கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளைவிட உண்மைத் தேர்வில் நான்கைந்து மதிப்பெண் குறைந்திருந்தால், 21 நாள் கழித்து வரும் முதல் வசதியான நாளுக்குப் பதிந்துவிடுங்கள். மாதிரித் தேர்விலும் அதே மதிப்பெண்தான் வந்துகொண்டிருந்தது என்றால், உடனே எழுதிப் பயனில்லை. குறிப்பேட்டில் இன்னும் தீராமல் இருக்கும் வரிகளை எடுத்து ஒன்றரை, இரண்டு மாதம் வேலை செய்த பிறகு எழுதுங்கள். அட்டவணையில் உள்ள படிப்புகளுக்கு அந்த மதிப்பெண்ணே போதும் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு நோக்க அறிக்கையின் முதல் வரைவைத் தொடங்குங்கள்.